வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? மின்வண்டி, சார்ஜ், பேட்டரி பற்றிய விளக்கம்

மின்சார வண்டி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?" அடுத்தது, "முழுசா ஏற எவ்வளவு நேரம் ஆகும்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டுமே பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகிய மனதிலிருந்து வருகிறவை. டேங்க் காலியாகும், பங்க்குக்குப் போவோம், ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்புவோம். அந்தப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தால் மின்வண்டி எப்போதும் ஒரு படி குறைவாகத்தான் தெரியும். என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? அங்கே நல்ல சாக்கெட் ஒன்று இருக்கிறதா, அல்லது வைக்க முடியுமா?

டாக்சி, சரக்கு வண்டி போன்றவற்றை விட்டுவிடுவோம். வீட்டு உபயோகத்துக்கான வண்டி நாளின் பெரும்பகுதி சும்மா நின்றுகொண்டுதான் இருக்கிறது. நிற்கிற இடத்திலேயே மின்சாரம் கிடைத்துவிட்டால், சார்ஜ் ஏறும் நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஏழு மணி நேரம் ஆனால் என்ன, ஒன்பது ஆனால் என்ன? அது இல்லையென்றால், எவ்வளவு பெரிய பேட்டரி உள்ள வண்டியும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை உங்களை எங்கேயாவது காத்திருக்க வைக்கும்.

கிலோவாட் வேறு, யூனிட் வேறு

இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிலோவாட் என்பது மின்சாரம் ஏறும் வேகம். ஒரு கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஏறினால் அது ஒரு கிலோவாட் மணி, அதாவது மின்கட்டண ரசீதில் நாம் பார்க்கிற ஒரு யூனிட். பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதை யூனிட்டில் சொல்வார்கள். சார்ஜர் எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்பதைக் கிலோவாட்டில் சொல்வார்கள். விளம்பரங்களில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் பலர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நடுத்தர அளவு கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓடச் சுமார் 15 யூனிட் எடுக்கும். பெரிய, உயரமான கார் என்றால் 20, சில சமயம் அதற்கும் மேல். ஸ்கூட்டருக்கு மூன்று யூனிட்டை ஒட்டிப் போதும். இப்போது சாக்கெட் பக்கம் வருவோம். 230 வோல்ட் வீட்டு இணைப்பில் 10 ஆம்ப் எடுத்தால் 2.3 கிலோவாட். சுவரில் பொருத்தும் சார்ஜிங் பெட்டி, அதாவது சுவர்ப்பெட்டி, 32 ஆம்ப் எடுக்கும்படி வைத்தால் 7.4 கிலோவாட். மூன்று ஃபேஸ் இணைப்பில் ஃபேஸுக்கு 16 ஆம்ப் என்றால் 11 கிலோவாட். வட அமெரிக்காவின் 120 வோல்ட் சாக்கெட்டில் 12 ஆம்ப் எடுத்தால் 1.4 கிலோவாட்தான் கிடைக்கும்.

50 யூனிட் பேட்டரியை 2.3 கிலோவாட்டில் அடியிலிருந்து நிரப்பினால், வழியில் வீணாகும் பத்துப் பதினைந்து சதவீதத்தையும் சேர்த்து, முழுசாக ஒரு நாள் ஆகும். கேட்டதும் பலர் பின்வாங்குவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஆனால் யார் தினமும் அடியிலிருந்து நிரப்பப் போகிறார்கள்? நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் செலவழிப்பது ஆறு யூனிட். அதே சாதாரண சாக்கெட்டில் மூன்று மணி நேரத்தில் அது திரும்ப ஏறிவிடும். 1.4 கிலோவாட்டில்கூட பத்து மணி நேரம் மாட்டி வைத்தால் 70, 80 கிலோமீட்டருக்கான சார்ஜ் சேர்ந்துவிடுகிறது. தினமும் 150 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் 7.4 கிலோவாட் பெட்டி உண்மையிலேயே அவசியம். மற்றவர்களுக்கு அது வசதி, பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று. சாக்கெட்டில் வருவது ஏசி மின்சாரம், திசை மாறி மாறி ஓடுவது. பேட்டரிக்குள் போவது டிசி, ஒரே திசையில் ஓடுவது. மாற்றிக் கொடுக்கிற கருவி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அதன் திறன் 7.4 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் சார்ஜிங் கம்பத்தில் கொண்டுபோய் மாட்டினாலும் 7.4தான் ஏறும். நெடுஞ்சாலையில் இருக்கிற பெரிய ஃபாஸ்ட் சார்ஜர்கள் அந்த மாற்றத்தைத் தாங்களே செய்து டிசியாகவே பேட்டரிக்கு அனுப்புகின்றன. அதனால்தான் அவை அலமாரி அளவுக்கு இருக்கின்றன, 50 முதல் 350 கிலோவாட் வரை கொடுக்கின்றன.

மழையில் சார்ஜ் போடலாமா?

போடலாம். காரணம் தெரிந்துகொண்டால் பயமும் போகும், எங்கே பயப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

கேபிளின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய ஊசிகளோடு சிறிய ஊசிகள் இரண்டும் தெரியும். அவற்றில் ஒன்றைப் பார்ப்போம். அது மின்சாரம் கொண்டுபோக அல்ல, பேசிக்கொள்ள. கேபிள் எதிலும் மாட்டப்படாமல் இருக்கும்போது அதில் வெறும் 12 வோல்ட்தான். வண்டியில் மாட்டியதும் அது 9 ஆக இறங்கும். ஏதோ ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே பெட்டி வினாடிக்கு 1000 துடிப்புகள் அனுப்பத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு அகலம் என்பதுதான் செய்தி: பாதி நேரம் எழுந்து நின்றால் "30 ஆம்ப் வரை எடுத்துக்கொள்" என்று அர்த்தம். வண்டி தயாரானதும் அந்த வோல்ட்டை 6-க்கு இறக்கும். அதற்கு அப்புறம்தான் பெட்டிக்குள் "டக்" என்ற சத்தத்தோடு சுவிட்ச் விழுந்து, பெரிய ஊசிகளுக்கு மின்சாரம் வரும். கழற்றும்போது அந்தச் சிறிய ஊசி முதலில் விடுபடும்படி நீளத்தைக் குறைத்தே செய்திருக்கிறார்கள். ஆக, பெரிய ஊசிகள் பிரிவதற்குள் மின்சாரம் நின்றுவிடும். நனைந்த கையோடு பிடித்தாலும் அந்த முனையில் தாக்க எதுவும் இருக்காது.

சுவரில் இருக்கிற பெட்டியை நாம் சார்ஜர் என்று சொன்னாலும், அது செய்வது காவல் வேலைதான். ஏசி சார்ஜிங்கில் நிஜமான சார்ஜர் வண்டிக்குள் இருப்பது.

இந்தப் பாதுகாப்பெல்லாம் வண்டிப் பக்க முனைக்கு. வண்டியோடு வரும் கேபிளின் இன்னொரு முனை சாதாரண வீட்டுப் பிளக். அந்தச் சாக்கெட்டில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கிறது. அது பேசாது, காத்திருக்காது. தண்ணீர் தேங்கும் இடத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போட்டு, அதில் மாட்டி, ஜன்னல் வழியாக இழுத்து வண்டிக்குக் கொண்டுபோகிறார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான்.

சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள்

இதைச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். பேட்டரியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள் சுவரில் இருக்கிற சாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வீட்டில் அதிக மின்சாரம் இழுக்கிற சாமான்கள் எதுவும் தொடர்ந்து ஓடுவதில்லை. கெட்டில் மூன்று நிமிடம். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானே நின்று நின்று எரியும். மின்வண்டியோ 10 அல்லது 16 ஆம்ப்பை ஆறு, எட்டு மணி நேரம் இடைவிடாமல், தினமும் ராத்திரி இழுக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தால், அல்லது ஸ்பிரிங் பிடி விட்டுப்போயிருந்தால், அந்த ஒரு இடத்தில் தடை உண்டாகும். 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம், மிகச் சிறிய தடைதான். சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: 10 ஆம்ப்பில் 20 வாட், 16 ஆம்ப்பில் 50 வாட்டுக்கும் மேல். விரல் நகம் அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள், விடியவிடிய அந்தச் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடியதற்குச் சமம். இதில் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், விழாது. அது பார்ப்பது மொத்த மின்னோட்டத்தை, சூடான இடத்தை அல்ல.

எனவே முதல் சில நாட்கள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய் பிளக்கின் மேல்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே நிறுத்த வேண்டும். சாக்கெட் முகப்பில் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதா, பிளாஸ்டிக் கருகிய வாசனை வருகிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருட்டிய நிலையிலேயே பயன்படுத்துவது இன்னும் மோசம், சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும்.

சரியான வழி எளிது. மெயின் போர்டிலிருந்து வண்டிக்கென்றே தனி லைன், அதற்கேற்ற தடிமனில் செம்பு ஒயர், தனி எம்சிபி, கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிடி, உருப்படியான எர்த். 32 ஆம்ப் பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுவது வழக்கம். தூரம் அதிகமானால் இன்னும் தடிமன் தேவைப்படும். ஆர்சிடியில் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டியிலிருந்து டிசி மின்சாரம் கசிந்து வந்தால் சாதாரண ஆர்சிடி மரத்துப்போய், வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாமல் போகலாம். அதற்காகவே நல்ல சுவர்ப்பெட்டிகளில் 6 மில்லி ஆம்ப் டிசி கசிவைக் கண்டால் துண்டிக்கும் அமைப்பை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியனிடம் இதைக் கேளுங்கள். புரியாமல் விழித்தால் வேறு ஆளைத் தேடுவது நல்லது.

எர்த் சரியில்லாவிட்டால் பல வண்டிகள் சார்ஜ் ஏற மறுத்துவிடும். "வண்டியில் ஏதோ கோளாறு" என்று நினைத்துக்கொண்டு, எர்த் இருப்பதுபோல வண்டியை ஏமாற்றுகிற வேலையில் சிலர் இறங்குகிறார்கள். வண்டி அங்கே உங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதை ஏமாற்றாதீர்கள்.

கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள ஸ்கூட்டர், சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தப் பேட்டரி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வெளியே போகும் ஒரே வாசலுக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடக் கூடாது. கட்டில் அருகிலும் வேண்டாம். வேறு சார்ஜர் பொருந்துகிறதே என்று மாட்டவும் கூடாது. மலிவான, தரச்சான்று இல்லாத பேட்டரிகளால் வீடுகள் எரிந்ததைத் தொடர்ந்து நியூயார்க் நகரம் 2023-இல் சான்று இல்லாத மின் சைக்கிள், ஸ்கூட்டர், பேட்டரி விற்பனைக்கே சட்டப்படி தடை போட்டது. கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, உப்பிப்போன பேட்டரி இரண்டையும் சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

எண்பது சதவீதம் என்பது என்ன கணக்கு?

ஃபாஸ்ட் சார்ஜரில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: 10 சதவீதத்திலிருந்து 80 வரை அரை மணி நேரத்தில் ஏறிய வண்டி, மீதி 20 சதவீதத்துக்கு இன்னொரு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பழுது ஒன்றும் இல்லை, வேண்டுமென்றே மெதுவாக்கப்படுவது அது.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. காலியாக இருக்கும்போது இடம் நிறைய. நிரம்ப நிரம்ப உள்ளே நுழைவது தாமதமாகும். அப்போதும் அதே வேகத்தில் தள்ளினால், உள்ளே போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வராது, பேட்டரியின் கொள்ளளவில் அது நிரந்தர நஷ்டம். ஊசிபோல வளர்ந்து உள்ளே ஷார்ட் ஆகவும் வழி உண்டு. இதைத் தடுக்கத்தான் பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி, நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. உறையும் குளிரில் காலியான பேட்டரிகூட மெதுவாக ஏறுவதும் இதே காரணத்தால்தான். குளிரில் அயனிகள் நகர்வதே மந்தமாகிவிடும். அதனால் பல கார்களில், திரையில் உள்ள வழிகாட்டியில் (நேவிகேஷன்) ஃபாஸ்ட் சார்ஜரைப் போகுமிடமாகப் போட்டுவிட்டால், போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது வருத்தம்தான், குளிர் நாளில் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஆக நெடும்பயணத்தில் ஒரே இடத்தில் நின்று 100 ஆக்குவதைவிட, 10, 15 சதவீதத்தில் வந்து சேர்ந்து 70, 80-இல் கிளம்பி, அடுத்த இடத்தில் இன்னொரு முறை நிற்பது வேகமானது. பெட்ரோல் பழக்கத்துக்கு இது நேர்மாறு. விளம்பரத்தில் போட்டிருக்கும் "250 கிலோவாட்" போன்ற உச்ச வேகமும் சில நிமிடங்கள்தான் நிற்கும். 10-லிருந்து 80 வரை ஏற எத்தனை நிமிடம் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி. ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கான பிளக் வகைகளில் ஒன்றான சி.சி.எஸ். கேபிளில் மின்னோட்டத்துக்கு 500 ஆம்ப் என்பது வழக்கமான வரம்பு. 400 வோல்ட் பேட்டரிக்கு அது 200 கிலோவாட். 800 வோல்ட் பேட்டரி அதே கேபிளில் இரட்டிப்பு வாங்கும். 2019-இல் வந்த போர்ஷே டைகான் தொடங்கி பல நிறுவனங்கள் 800 வோல்ட்டுக்கு மாறியது இதனால்தான். அப்புறம், ஒரே நிலையத்தில் பக்கத்துக் கம்பத்தில் இன்னொரு வண்டி நின்றால் இரண்டும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு பல இடங்களில் உண்டு. உங்கள் வேகம் திடீரென்று பாதியானால் முதலில் பக்கத்தில் பாருங்கள்.

சரி, வீட்டில் தினமும் எதுவரை ஏற்றுவது? அது பேட்டரி எந்த வகை என்பதைப் பொறுத்தது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை என்றால் தினசரி 80 போதும். ஊருக்குக் கிளம்பும் அன்று மட்டும் 100. முழுசாக ஏற்றிய நிலையில், அதுவும் வெயிலில், நாள்கணக்கில் நிற்க வைப்பதுதான் அதற்கு ஆகாது. இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்.எஃப்.பி. வகை என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றச் சொல்கின்றன. அந்தப் பேட்டரியின் வோல்டேஜ் கால்வாசி நிரம்பியிருந்தாலும் முக்கால்வாசி நிரம்பியிருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கணினி யூகித்துக்கொண்டே வரும். யூகம் நாளடைவில் பிசகும். முழுசாக நிரம்பும்போதுதான் அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. அப்படிச் செய்யாமல் விட்டவர்களுக்கு, திரையில் 12 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி தளர்ந்துபோகிற அனுபவம் வாய்க்கலாம். உங்கள் வண்டியில் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். இதில் ஒருவர் சொன்ன யோசனை இன்னொருவருக்குப் பொருந்தாது.

"போன் பேட்டரி மூன்று வருஷத்தில் போய்விடுகிறதே?"

போகிறதுதான். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரியின் வழிவந்தவைதான் போனில் இருப்பதும் காரில் இருப்பதும். ஆனால் போனை தினமும் அடிவரை இறக்கி உச்சிவரை ஏற்றுகிறோம்; குளிர்விக்க அதில் எதுவும் கிடையாது. காரில் கீழேயும் மேலேயும் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்துவிட்டு நடுப்பகுதியைத்தான் ஓட்டுநருக்குக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் குளிர்விக்கும் திரவம் பேட்டரியைச் சுற்றி ஓடுகிறது.

குளிர்வித்தல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிஸான் லீஃப் நல்ல பாடம். 2010 கடைசியில் வந்த அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய வண்டிகள் இரண்டே வருடத்தில் எதிர்பாராத அளவு கொள்ளளவை இழந்தன. அதற்கு அப்புறம் நிஸான் கொள்ளளவு இழப்புக்கும் வாரண்டி கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று பல நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உறுதி தருகின்றன. நடைமுறையில் நல்ல குளிர்விப்பு உள்ள கார்கள் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் இழக்கின்றன. முதல் வருடம் சற்று அதிகமாகத் தெரிந்து, அப்புறம் மெதுவாகும்.

ஃபாஸ்ட் சார்ஜர் பேட்டரியைக் கெடுத்துவிடுமா என்ற பயம் பொதுவானது. ஊருக்குப் போகும்போது பயன்படுத்துவதால் ஒன்றும் ஆகாது. தினமும் அதையே நம்பி, கொதிக்கும் வெயிலில், 100 வரை ஏற்றுவதுதான் பேட்டரியைச் சீக்கிரம் முதுமையாக்கும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டுப் போவதாக இருந்தால் 50, 60 சதவீதத்தில் விட்டுப் போங்கள். ஐந்து சதவீதத்தில் விட்டுப் போவது மிக மோசம்: பேட்டரி தானாகவே கொஞ்சம் இறங்கும், விழித்துக்கொண்டே இருக்கும் கேமரா, செயலி இணைப்பு போன்றவை மிச்சத்தைக் குடித்துவிடும்.

சொன்ன தூரம் ஏன் வருவதில்லை?

விளம்பரத்தில் வரும் தூரம் ஒரு சோதனையில் அளந்தது. ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 2017-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, அமெரிக்காவின் இ.பி.ஏ. எண் பொதுவாக அதைவிடக் குறைவாக, நடைமுறைக்கு நெருக்கமாக இருக்கும். எந்தச் சோதனையானாலும் உங்கள் வேகத்துக்கு அது பொறுப்பல்ல. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 90-லிருந்து 120-க்குப் போனால் காற்றை எதிர்க்க மட்டும் கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆற்றல் வேண்டும். பெட்ரோல் வண்டியிலும் இதே விதிதான். ஆனால் அங்கே எரிபொருளின் பெரும்பகுதி சூடாகவே வீணாவதால் இந்த வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை.

அதனால் மின்வண்டி ஊருக்குள் கூடுதலாகவும் நெடுஞ்சாலையில் குறைவாகவும் ஓடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிச் சார்ஜைத் திருப்பித் தருவதும் ஊருக்குள்தான் அதிகம் உதவும். வண்டிக்குள் குளிரூட்டும் ஏசி போட்டால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும் ஏசி ஒரு கிலோவாட்டை ஒட்டி எடுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியே 16 கிலோவாட் எடுத்துக்கொண்டிருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. மணிக்கு 15 கிலோமீட்டர் நகரும் நெரிசலில் நன்றாகவே தெரியும். குளிர் நாடுகளில் ஹீட்டர்தான் பெரிய செலவு. பெட்ரோல் என்ஜின் வீணாக்குகிற சூடு அங்கே இலவச ஹீட்டராக இருந்தது. மின்வண்டியில் அந்தச் சூட்டைப் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கடும் குளிர் உள்ள இடத்தில் வாங்குகிறவர்கள் வெளியிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப் இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குவது பலன் தரும்.

தீப்பிடிக்கும் என்கிறார்களே

பெட்ரோல், டீசல் வண்டிகளைவிட மின்கார்கள் குறைந்த விகிதத்தில்தான் தீப்பிடிக்கின்றன என்று ஸ்வீடனின் அவசரநிலை முகமை திரட்டிய தகவல்கள் காட்டுகின்றன. சாலையில் இருக்கிற மின்கார்கள் வயதில் இளையவை என்பதையும் இதில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பிடித்தால் அணைப்பது கஷ்டம் என்பது உண்மை. ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைத்துக்கொண்டே போகும், அணைந்தது போலிருந்து மணிக்கணக்கில் கழித்து மீண்டும் எரியும். வண்டியின் அடிப்பக்கம் பலமாக அடிபட்டாலோ, உப்புத் தண்ணீரில் மூழ்கி எழுந்தாலோ அதை வீட்டோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். 2022-இல் இயான் புயலுக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, வெள்ளம் வடிந்த பின் தீப்பிடித்தன. சாதாரண மழைத்தண்ணீரில் ஓட்டுவது இதில் சேராது.

சொந்த பார்க்கிங் இல்லாதவர்கள்

நான் இதுவரை சொன்னதெல்லாம் நிற்கும் இடத்தில் சாக்கெட் உள்ளவர்களுக்கு. அது இல்லாதவர்களிடம் ஒளித்துப் பேசக் கூடாது. வீட்டிலும் வழியில்லை, வேலை இடத்திலும் வழியில்லை என்றால், வாராவாரம் நீங்கள் எப்படியும் ஒரு மணி நேரம் நிற்கிற இடத்தில் நம்பகமான சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்து வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வழக்கமாக வரும் மறுப்பு, "எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் கட்டடத்து லைன் தாங்காது." எல்லாருக்கும் முழு வேகம் கொடுத்தால் தாங்காதுதான். ஆனால் முன்னே சொன்ன அந்தத் துடிப்பின் அகலம் இங்கே கைகொடுக்கும். கட்டடத்தில் அந்த நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு பெட்டியும் தன் வண்டிக்கு "இப்போது 8 ஆம்ப் போதும்", "இப்போது 20 எடுத்துக்கொள்" என்று மாற்றி மாற்றிச் சொல்லும்படி அமைக்கலாம். நள்ளிரவுக்கு மேல் லிஃப்டும் ஏசியும் அடங்கும்போது எல்லா வண்டியும் நிரம்பிவிடும். 2024-இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது முழு மின்சாரக் கார்கள். அங்கேயும் அடுக்குமாடிகள் இருக்கின்றன. குடியிருப்போர் சங்கத்தில் பேசும்போது ஒருவர் தனியாகக் கேட்பதைவிட, நாலைந்து பேர் சேர்ந்து பொதுவான லைன் ஒன்றைக் கேட்பது ஆளுக்கும் செலவு குறைவு, கட்டடத்துக்கும் நல்லது.

பிளக் வகைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஐரோப்பா உள்பட பல இடங்களில் டைப் 2-ம் சி.சி.எஸ். 2-ம், சீனாவில் ஜி.பி.டி., வட அமெரிக்காவில் டெஸ்லா 2022-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட என்.ஏ.சி.எஸ். என்று ஓரளவு நிலைத்துவிட்டது. ஜப்பானின் சாடெமோ மட்டும் வெளிநாடுகளில் குறைந்துகொண்டே வருகிறது. அந்த வாய் உள்ள பழைய வண்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் முன் உங்கள் பக்கத்தில் அந்த சார்ஜர் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.

பழைய வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. கிலோமீட்டர் கணக்கைவிட பேட்டரி எவ்வளவு நலமாக இருக்கிறது என்ற அறிக்கையைத்தான் கேட்க வேண்டும். கூடவே வண்டியை ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்கு ஓட்டிப்போய் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள், வீட்டு சாக்கெட்டிலும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். இரண்டும் வண்டிக்குள் வெவ்வேறு பாதை. ஒன்று வேலை செய்தால் இன்னொன்றும் செய்யும் என்று நம்ப முடியாது. டயரையும் பாருங்கள், வண்டியின் எடையாலும் மோட்டாரின் இழுவையாலும் அது சீக்கிரம் தேயும். பிரேக் பேட் மாறாக, குறைவாகவே தேயும். கடைசியாக, பெரிய பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதவைத் திறப்பதும் திரையை எழுப்புவதும் 12 வோல்ட் சின்னப் பேட்டரியின் வேலை. அது செத்தால் 80 சதவீத சார்ஜோடு நிற்கும் வண்டிகூட அசையாது, மற்ற கார்களைப் போலத் தூக்கி இழுத்துப்போகவும் முடியாது. ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும் என்பதால் தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் சின்னப் பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.